எண்ணூற்று அறுபது அடி

கருமாத்தூருக்கு மேற்கே, மொக்கராசு காட்டில்
ராத்திரி ஒன்றே கால்.
கம்ப்ரசர் கத்துகிறது.
பேச்சை விட்டுவிட்டோம், கையால்தான் எல்லாம்.
புத்ராம் இரண்டு விரல் காட்டினால் இரண்டு ராடு,
கையை விரித்தால் டீ தீர்ந்துவிட்டது.

நான் நோட்டு எழுதுகிறவன்.
நாற்பது வரை செம்மண், பிறகு சுக்கான்,
நூற்றுப் பத்தில் வெள்ளைக்கல், லேசான ஈரம்
(மொக்கராசு சம்சாரம் கைகூப்பினாள்),
நூற்று இருபதில் ஈரம் இல்லை.
அதற்குப் பிறகு பக்கம் முழுக்கக்
கருங்கல். மேற்படி. மேற்படி. மேற்படி.

முந்நூறுக்கு மேல் நூறு நூறாக ரேட்டு ஏறும்.
சொல்லித்தான் ஆரம்பித்தோம்.
ஐந்நூறில் மொக்கராசு வந்து பார்த்தார்.
அறுநூறில் போனில் யாரிடமோ கெஞ்சினார்.
எழுநூறில் அந்த அம்மாள்
காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
தோடு இன்னும் இருந்தது.

ராடு மாட்டும் இடைவெளியில்
புத்ராம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
சத்தீஸ்கர்காரன். தூக்கம் வராவிட்டால் இப்படி எதையாவது பார்ப்பான்.
செவ்வாயில் ஒரு வண்டி.
ஆறு சக்கரம், டிரைவர் கிடையாது, பேட்டா கேட்காது.
எந்தக் காலத்திலோ வற்றிப்போன ஆற்றுக்குள் இறங்கி
ஒரு பாறையில் துளை போட்டிருக்கிறது.
சுற்றிக்கொண்டே அடிக்கிறது, அடித்துக்கொண்டே சுற்றுகிறது.
“அரே அண்ணா, நம்ம ஹேமர்!”
எத்தனை அடி என்று சைகையில் கேட்டேன்.
சுண்டுவிரலைக் காட்டினான்.

சுண்டுவிரல்!
நான் சிரித்தது கம்ப்ரசரையும் மீறிக் கேட்டிருக்கும்.
ஒரு சுண்டுவிரலுக்கு என்ன ரேட்டு?
கேசிங் உண்டா?
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து
நடந்து நடந்து பாயிண்டு பார்த்தது யார்?

பிறகு படத்தைப் பெரிதாக்கினேன்.
சிறுத்தைத் தோல் மாதிரிப் புள்ளிகள்,
ஓரம் கறுத்து, நடு வெளிறி.
தண்ணீர் ஓடிய நாளில்
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று
அங்கே தின்று வாழ்ந்திருக்கலாம்.
‘லாம்’தான். கவனமாகச் சொல்கிறார்கள்.
உயிர் இல்லாமலும் அப்படிப் புள்ளி விழுமாம்.
இங்கேயும் தேங்காய் எழுந்து நிற்கத்தான் செய்தது.

வெட்டிய கல்லைக் குழாயில் அடைத்து
வாயை மூடிவிட்டது அந்த வண்டி.
போய் எடுத்துவரத்தான்
ஆளும் இல்லை, பணமும் இல்லையாம்.
புத்ராம் போனை உள்ளே வைத்தான்.
ராடு இறங்கியது. எண்ணூற்று இருபது.

எங்கள் ஷெட்டு சமயநல்லூரில்.
வைகையைத் தாண்டாமல் ஒரு குழிக்கும் போனதில்லை,
பாலத்தில் ஒருநாளும் நிறுத்தியதுமில்லை.
மணல், கருவேலம், நூல்போல ஒரு சாக்கடை.
நாளைக்கு எங்கிருந்தோ எவனோ
ஆளில்லாத வண்டியை அனுப்பி
இதில் ஒரு சுண்டுவிரல் துளைத்தால்
எங்களை என்ன நிறம் என்று நோட்டில் எழுதுவான்?

எண்ணூற்று அறுபது.
வெறும் புகை.
ஒன்றரை ஏக்கர் மல்லியும் வெள்ளை அப்பி நின்றது,
மொட்டு எது இலை எது தெரியவில்லை.
மொக்கராசு கையைக் காட்டினார். போதும்.
கம்ப்ரசர் நின்றதும் காது வலித்தது.
நாய் எவ்வளவு நேரமாகக் குரைத்துக்கொண்டிருந்ததோ.

புத்ராம் குழிக்கு மூடி வைத்து நட்டு முறுக்கினான்.
நான் கணக்குப் போட்டேன்.
பாதி இப்போது, மீதி பூ சீசனில் என்றார்.
எந்தப் பூ என்று நான் கேட்கவில்லை.

அந்த அம்மாள் குழி ஓரத்துத் தூளில்
ஒரு பிடி அள்ளிக் கேரிபேக்கில் முடிந்தாள்.
“எதுக்கும்மா?”
“எண்ணூத்தறுவது அடிக்கு ரூவா குடுத்திருக்கு.
வெறுங்கையோடயா வீட்டுக்குப் போறது?”

நோட்டில் கடைசி வரி:
860. கருங்கல். டிரை.
எழுதி மூடினேன். திறந்தேன்.
இல்லாத ஒரு கட்டத்தை ஓரத்தில் கோடு போட்டு
அதற்குள் எழுதினேன்:
மாதிரி, ஒரு பை.
காட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது.